மதுரைக்கு மேலே நூறு கிலோமீட்டர்



இந்த மாதத் தபாலில் ராஜபாளையத்து வாசகி ஒருவரின் கடிதம் இருந்தது. விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். ஆற்றில் குளித்து, நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, வழியில் முடங்கியார் ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கிய நேரம். மேற்கே மலைமுகட்டுக்குச் சற்று மேலே பச்சையும் வெள்ளையும் கலந்த ஒளி ஒன்று சரிவாக இறங்கி, முகட்டைத் தொடுவதற்குள் அணைந்துவிட்டதாம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், “கோவிலுக்குப் பின்னாடிதான் விழுந்திருக்கு, நாளைக்குப் போய்த் தேடுவோம்மா” என்றானாம். மாமனார், “அதெல்லாம் கேரளாப் பக்கம்டா” என்று முடித்துவிட்டாராம். மாமியார் எதுவும் பேசாமல் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். எரிநட்சத்திரத்தைப் பார்த்த கண்ணால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். “இதில் யார் சொல்வது சரி? போய்த் தேடினால் கிடைக்குமா?” என்று வாசகி கேட்கிறார்.

மாமியாரின் வேப்பமரத்தில் நான் தலையிடப் போவதில்லை. மற்ற இருவரில் மாமனாருக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அவரும் தூரத்தைக் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

சாதாரண எரிநட்சத்திரம் என்பது மணல் அளவுத் துணுக்கு. தரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் ஒளிரத் தொடங்கி, 80 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகும். ஊரே அண்ணாந்து பார்க்கும்படி எரியும் பெரிய தீக்கோளங்கள் இன்னும் கீழே, 30 கி.மீ. வரைகூட இறங்கி வரும். நம் வாசகி பார்த்ததும் அப்படியே 30 கி.மீ. உயரத்தில் அணைந்தது என்று வைத்துக்கொள்வோம். கையை முழுக்க நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் மலைத்தொடர் அந்த முஷ்டிக்குள் அடங்கிவிடும். முகட்டுக்குச் சற்று மேலே என்றால் 10 டிகிரி என்று கொள்ளலாம். 30 கி.மீ. உயரத்தில் இருக்கும் பொருள் 10 டிகிரியில் தெரிய வேண்டுமானால் அது 170 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்து நேர் மேற்கே 170 கி.மீ. போனால் கேரளம் முடிந்து, ஆலப்புழைக் கரையும் தாண்டி, அரபிக் கடல்.

ஆகவே தம்பி, தேடப் போக வேண்டாம். அந்தக் காடு 2021 பிப்ரவரி முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். நாட்டின் 51ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. கல் கிடைக்காது, யானை எதிர்ப்படலாம்.

ஆனால் பையனின் கண் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருட்டு வானத்தில் ஒரு ஒளியைப் பார்க்கும்போது திசை மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. எவ்வளவு தூரம் என்பதை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. எதிரே மலை இருந்தால் மலைக்குப் பின்னால், கண்மாய் இருந்தால் கண்மாய்க்கு அந்தக் கரையில், என்று. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள். விரல் பின்னால் இருக்கும் சுவரில் இடம் மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதில்தான் விரலின் தூரம் ஒளிந்திருக்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒளிக்கு நம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி போதாது. ஒரு கண் இந்த ஊரிலும் இன்னொரு கண் அடுத்த ஊரிலும் இருக்க வேண்டும்.

1798இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர்கள் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்ற இருவர் இதைத்தான் செய்தார்கள். கேமரா என்ற பேச்சே இல்லாத காலம். இருவரும் ஏறத்தாழ 9 கி.மீ. இடைவெளியில், பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, விழும் எரிநட்சத்திரங்களை நேரத்தோடு விண்மீன் படத்தில் குறித்தார்கள். நூற்றுக்கணக்கில் குறித்ததில் இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தவை இருபத்துச் சொச்சம்தான். அது போதுமானதாக இருந்தது. எரிநட்சத்திரம் மேகத்தின் பக்கத்தில் நடக்கும் சங்கதி அல்ல, நூறு கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் நடப்பது என்று முதன்முறையாகத் தெரிந்தது. அவர்கள் உட்கார்ந்த இடைவெளி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ள தூரம்தான், கொஞ்சம் முன்பின்னாக. டவுன் பஸ் தூரத்தில் இரண்டு பையன்கள் வானத்தின் உயரத்தை அளந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

அதே கோட்டிங்கனிலிருந்து 1872 நவம்பர் 30 அன்று சென்னைக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர். பெற்றவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். மூன்று நாள் முன்பு, 27ஆம் தேதி, ஐரோப்பிய வானத்தில் எரிநட்சத்திர மழை கொட்டியிருந்தது. பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த பீலா வால்மீன் விட்டுச்சென்ற தூசுதான் அது. அப்படியானால் வால்மீன் பூமியை உரசிக்கொண்டு தெற்கு வானத்துக்குப் போயிருக்க வேண்டும், அங்கே தேடிப் பாருங்கள் என்பது தந்தியின் சாரம். ஐரோப்பாவிலிருந்து தெற்கு வானம் தெரியாது, சென்னையிலிருந்து தெரியும். போக்சன் தேடினார். வடகிழக்குப் பருவமழை மேகம் விலகிய டிசம்பர் தொடக்கத்து இரண்டு நாள் அதிகாலையில் அவருக்கு ஒரு வால்மீன் அகப்பட்டது. பிறகு மேகம் மூடிக்கொண்டது. அது பீலா அல்ல, தற்செயலாக அந்த இடத்தில் இருந்த வேறொரு வால்மீன் என்பதே இன்றைய வானியலாளர்களின் கருத்து. இன்னும் ஓரிரு இரவு வானம் தெளிந்திருந்தால் அதன் பாதையைக் கணக்கிட்டுச் சந்தேகத்தை அப்போதே தீர்த்திருக்கலாம். கார்த்திகை மாதத்து மேகம் நமக்கு மட்டுமல்ல, போக்சனுக்கும் பகைதான்.

அந்த எரிநட்சத்திர மழை 1885 நவம்பர் 27 அன்று மறுபடி வந்தபோது, பிராக் நகரில் வைனெக் என்பவர் ஒரு எரிநட்சத்திரத்தைப் புகைப்படத் தட்டில் பிடித்தார். எரிநட்சத்திரத்தின் முதல் புகைப்படம் அதுதான். அடுத்த பத்தாண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எல்கின் என்பவர் கேமராவுக்கு முன்னால் சைக்கிள் சக்கரத்தைப் பொருத்திச் சுழலவிட்டார். சக்கரத்தில் பொருத்திய தடுப்புகள் ஒளியை விட்டுவிட்டு மறைக்க, படத்தில் எரிநட்சத்திரக் கோடு துண்டு துண்டாக விழுந்தது. சக்கரத்தின் வேகம் தெரியும். துண்டின் நீளத்தை அளக்கலாம். எரிநட்சத்திரத்தின் வேகம் வந்துவிடும். எவ்வளவு சாமான்யமான சாமான், எவ்வளவு பெரிய விடை! இன்றைய வீடியோ கேமராவில் அந்தச் சக்கரத்தின் வேலையை விநாடிக்கு 25 படங்கள் செய்கின்றன. டிசம்பரில் வரும் ஜெமினிட் எரிநட்சத்திரம் விநாடிக்கு 35 கி.மீ. போகும். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 1.4 கி.மீ.

திசை, உயரம், வேகம் மூன்றும் கிடைத்துவிட்டால் பாதையைப் பின்னோக்கி வரைந்து, அந்தக் கல் சூரியனை எங்கே சுற்றிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். முன்னோக்கி வரைந்தால் எந்த வயலில் போய்த் தேட வேண்டும் என்று தெரியும். விழுந்த கல்லும் கையில், அதன் பாதையும் கையில் என்பது முதலில் நடந்தது 1959 ஏப்ரல் 7 அன்று, அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பிரிபிராம் என்ற ஊரில். செப்லெகா என்பவரின் குழு எரிநட்சத்திரங்களுக்காகவே வைத்திருந்த கேமராக்களில் அது பதிவானது. பாதையைப் பின்னோக்கிப் பார்த்தபோது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் மண்டலம் வரை போனது.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராஜபாளையத்திலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள், உலகப் புகழ் பெற்ற ஒரு விண்கல் விழுந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28, நண்பகல். அன்றைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்த்து 77 கிலோவுக்கு மேல். அறிவியல் உலகில் அதன் பெயர் ‘பார்னல்லி’. பதிவேட்டில் இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை வரைபடத்தில் வைத்தால் கமுதிக்குத் தெற்கே வருகிறது. பெரிய கல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகி உறைந்த சின்னஞ்சிறு துளிகள் பெரிதாகச் சிதையாமல் அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் இன்றும் ஆய்வாளர்கள் அதன் சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மானாவாரிக் கரிசலுக்கு வந்த அந்த விருந்தாளி சூரியக் குடும்பத்தில் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள், சத்தம் கேட்டவர்கள் இருந்தார்கள், படம் இல்லை.

அதே பிப்ரவரி 28, 2021இல். இங்கிலாந்தின் வின்ச்கூம் என்ற சிற்றூருக்கு மேலே இரவில் ஒரு தீக்கோளம் எரிந்தது. ஆர்வலர்கள் வீட்டு மாடியிலும் கூரையிலும் வைத்திருந்த கேமராக்கள் பல கோணங்களில் அதைப் பதிவு செய்திருந்தன. மறுநாள் காலையிலேயே ஒரு வீட்டு வாசலில் கரித்தூளாகச் சிதறிக்கிடந்ததை அள்ளி எடுத்தார்கள். மழை படும் முன் எடுத்த, அரிய கரிம வகை விண்கல். அது சுற்றிவந்த பாதையும் கையில் இருக்கிறது. பார்னல்லிக்கும் வின்ச்கூமுக்கும் நடுவே இருப்பது 164 ஆண்டு. அறிவியல் அதற்குள் எவ்வளவோ மாறியிருந்தாலும், இந்த இரண்டு கற்களுக்கும் உள்ள வித்தியாசம் பல கோணங்களில் எடுத்த அந்தப் படங்கள்தான்.

பார்னல்லி விழுந்தது பட்டப்பகலில் ஆயிற்றே, கேமரா இருந்திருந்தாலும் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த விண்கல்லை நினைத்துப் பாருங்கள். கார்களிலும் தெருக்களிலும் இருந்த கேமராக்களின் பதிவுகளிலிருந்தே அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். ஒரு குழு, சதுக்கத்தில் நின்ற விளக்குக் கம்பங்களின் நிழல் ஓடிய விதத்தை வைத்தே கணக்குப் போட்டது. நம் கடைவீதியில் நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் வெளியே மாட்டியிருக்கும் சிசிடிவிக்கும் அந்த யோக்கியதை உண்டு. அடுத்த முறை ‘வானிலிருந்து விழுந்த மர்மப் பொருள்’ என்று செய்தி வந்தால் பள்ளத்தைச் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பதைவிட, பக்கத்து ஊர்க் கடைகளின் பதிவுகளை அழியும் முன் வாங்கி வைப்பது ஆயிரம் மடங்கு பயன். (போகிற போக்கில் ஒன்று. விண்கல்லில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கு விற்கலாம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். இருப்பது உண்மை, இருக்கும் அளவுக்கு ஒரு மூக்குத்தி கூடச் செய்ய முடியாது.)

ஜோடியாகக் கேமரா வைப்பது அய்யனார் கோவிலுக்கு மேலே உள்ள காட்டுக்கும் புதிதல்ல. புலிக் கணக்கெடுப்புக்காக வனத்துறை தானியங்கிக் கேமரா வைக்கும்போது ஒற்றையடிப் பாதையின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இரண்டு வைப்பார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடும் அபாயம் உண்டு. அங்கே தேவைப்படுவது தூரமல்ல, அடையாளம். ஆனாலும் ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாது என்ற எச்சரிக்கை ஒன்றுதான்.

இனி கொஞ்சம் தலைகீழாகப் பார்ப்போம். வானத்தைப் பார்க்கும் கேமராவை விட்டுவிட்டு, வானத்திலிருந்து தரையைப் பார்க்கும் கேமராவுக்கு வருவோம்.

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அதில் இருந்த கருவிகளில் நிலவின் நீரைக் கண்டுபிடித்தவற்றுக்குத்தான் புகழெல்லாம் போயிற்று. எனக்குப் பிடித்தது அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த நிலப்பரப்பு வரைபடக் கேமரா. அது நம் செல்போன் போல ஒரே நொடியில் சதுரமாகப் படம் எடுப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் 4,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நிலவின் தரையில் 5 மீட்டர். ஆக, ஒரு வரி 20 கி.மீ. அகலம். விண்கலம் விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே இருப்பதால், 5 மீட்டர் நகர்வதற்குள், அதாவது சுமார் 3 மில்லிவிநாடியில், அடுத்த வரியை எடுத்துவிட வேண்டும். வரிக்கு வரி சேர்ந்து படம் நீண்டுகொண்டே போகும்.

அந்தக் கேமராவுக்குப் பார்வை மூன்று. ஒன்று நேர் கீழே. ஒன்று 25 டிகிரி முன்னால் சாய்ந்து. மூன்றாவது 25 டிகிரி பின்னால் சாய்ந்து. நிலவில் ஒரு பள்ளத்தை முதலில் முன்பார்வை பார்க்கும். அரை நிமிடத்தில் விண்கலம் அதன் தலைக்கு மேலே வந்ததும் நேர்பார்வை பார்க்கும். இன்னொரு அரை நிமிடம் கழித்துப் பின்பார்வை திரும்பிப் பார்க்கும். மூன்று படங்களிலும் பள்ளத்தின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். உயரமான மேடு அதிகம் நகரும், தாழ்ந்த தரை குறைவாக நகரும். கட்டைவிரல் கணக்கேதான். அந்த இடமாற்றத்திலிருந்து நிலவின் மேடு பள்ளத்தை மீட்டர் கணக்கில் எடுத்தார்கள்.

எண்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்திரயான்-1 நிலவுக்கு மேலே வேலை தொடங்கிய உயரம் 100 கி.மீ. பூமியில் எரிநட்சத்திரம் ஒளிரும் உயரமும் அதுவே. அந்த உயரத்தில் 25 டிகிரி சாய்வு என்றால், முன்பார்வை எடுத்த இடத்துக்கும் நேர்பார்வை எடுத்த இடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 47 கி.மீ. ராஜபாளையத்துக்கும் கோவில்பட்டிக்கும் காக்கை பறக்கும் தூரமும் ஏறத்தாழ 47 கி.மீ.தான்! அகமதாபாத்தில் யாரும் கோவில்பட்டியை நினைத்து வடிவமைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கணக்கு ஒன்று என்பதால் அளவுகளும் ஒத்துப்போகின்றன. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதை நன்றாக அளக்க வேண்டுமானால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். மேலே பார்த்தாலும் சரி, கீழே பார்த்தாலும் சரி.

ஒரே வித்தியாசம், நிலவு ஓடிப்போகாது. ஒரே விண்கலம் ஒரு நிமிடத்துக்குள் இடம் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளலாம். எரிநட்சத்திரம் அரை விநாடியில் தீர்ந்துவிடும். அதற்கு இரண்டு கேமரா, இரண்டு ஊர், ஒரே நேரம் வேண்டும். இரண்டு ஊர் என்றால் இரண்டு மனிதர்கள். அதனால்தான் எரிநட்சத்திரத்தைக் கவனிக்கும் வேலை அன்றிலிருந்து இன்றுவரை ஆர்வலர்களின் கூட்டு வேலையாகவே இருக்கிறது. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் டெனிஸ் விடா முன்னின்று தொடங்கிய உலக எரிநட்சத்திர வலையமைப்பில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் கடைகளில் மாட்டும் கண்காணிப்புக் கேமரா, உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று. அவ்வளவுதான்.

நிலவைப் பார்க்கும் வேலையிலும் சாமான்யருக்கு இடம் உண்டு என்று காட்டியவர் நம் ஊர்க்காரர். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கும்போது தொடர்பை இழந்து விழுந்தது நினைவிருக்கும். நாசாவின் நிலவு ஆய்வுக் கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்து வெளியிட்டது. சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும் தென்துருவப் பக்கம். எங்கு பார்த்தாலும் நீண்ட நிழல். சென்னையில் பொறியாளராக வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற இளைஞர் புதுப் படத்தையும் அதே இடத்தின் பழைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டுக் கணினியில் இஞ்ச் இஞ்சாகத் தேடினார். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 1.3 மீட்டர். பழைய படத்தில் அது இல்லை. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் அந்த இடத்தை மறுபடி மறுபடி படமெடுத்து, விக்ரம் மோதிய இடத்தையும் சிதறல்களையும் உறுதி செய்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். அவர் குறித்த சிதறல் மோதிய இடத்திலிருந்து 750 மீட்டர் வடமேற்கே கிடந்தது.

சந்திரயான்-2இன் சுற்றுக்கலம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் இருந்த கூர்நோக்குக் கேமரா 100 கி.மீ. உயரத்திலிருந்து தரையில் கால் மீட்டர் அளவைப் பிரித்துக் காட்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடத்தைத் தேர்ந்தெடுக்க அதன் படங்கள் உதவின. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேலை எல்லாரும் கொண்டாடினோம். பாறையில்லாத தரையைப் படத்தில் தேடித் தேடி ஒதுக்கிக் கொடுத்தவர்களையும் சேர்த்துக் கொண்டாடியிருக்கலாம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஜெமினிட் காலம் நெருங்கியிருக்கும். டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சம். மார்கழி பிறக்க ஓரிரு நாள் முன்பு. ஆண்டாள் ஊர்க்காரர்களுக்கு விடியலுக்கு முன் எழும் பழக்கம் தொடங்கும் நேரம். இரண்டு நாள் முன்னதாகத் தொடங்கிவிடுங்கள், அவ்வளவே. மிதுன ராசி நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் தலைக்கு மேலே ஏறி நிற்கும். பின்னிரவில் நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்பியிருப்பதாலும் எரிநட்சத்திரங்கள் கூடும். அய்யனார் கோவில் பக்கம் இருட்டு நன்றாக இருக்கும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். இரவில் அங்கே அனுமதி இல்லை, மேற்கு வானத்தை மலையும் மறைக்கும். மில் விளக்கு நேராகக் கண்ணில் படாத மொட்டை மாடி போதும்.

ராஜபாளையத்தில் சிலரும் கோவில்பட்டியில் சிலரும் ஒரே நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடப்பதால், மதுரைத் திசை வானத்துக்கு அந்த இரண்டு ஊரும் நல்ல ஜோடி இல்லை. நீங்கள் ராஜபாளையத்தோடு சேராமல் கோவில்பட்டியோடு சேர்ந்துகொள்ளுங்கள். எல்லாரும் குறி வைக்க வேண்டிய இடம் மதுரைக்கு மேலே நூறு கிலோமீட்டர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அது வடகிழக்கே. கோவில்பட்டியில் வடக்கே, சற்றுக் கிழக்காக. எந்த ஊரிலிருந்தும் அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, பாதிக்குக் கொஞ்சம் மேலே கேமராவைச் சாய்த்தால் போதும். மூன்று ஊர்க் கேமராவும் ஒரே வானத்துண்டைப் பார்க்கும்.

செல்போனே போதும். அசையாத ஸ்டாண்டு, கையால் மாற்றும் முறையில் 15 விநாடி திறப்பு, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, குவியம் முடிவிலியில். படத்தில் விண்மீன்கள் விழ வேண்டும்; அவைதான் நமக்கு அளவுகோல். நேரம் நெட்வொர்க் நேரமாக இருக்கட்டும். இரவு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை விடாமல் எடுங்கள். மழை மேகம் வந்தால் மேகத்தையே எடுங்கள்.

ஒன்றுமே விழாத படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், கேட்டு வாங்குவோம். ராஜபாளையத்துப் படத்தில் ஒரு கோடு இருந்து, அதே விநாடியில் கோவில்பட்டி எடுத்த படத்தில் விண்மீன்கள் மட்டும் இருந்தால், அந்தக் கோடு மதுரைக்கு மேலே எரிந்ததல்ல. பத்து கிலோமீட்டர் உயரத்தில் போன விமானமாகவோ, கேமராவுக்கு ஒரு முழம் முன்னால் பறந்த பூச்சியாகவோ இருக்கும். அதைச் சொல்ல கோவில்பட்டியின் அந்த வெறும் படம்தான் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்